உள்பக்கம் பார்த்தீர்களா?

சில ஒர்க்‌ஷாப் மேனேஜர்கள் இன்டர்வியூவில் கேள்வி கேட்பதில்லை. மூலையில் கிடக்கும் பழைய டயர் ஒன்றை உருட்டி வந்து நிறுத்தி, “இந்த வண்டிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லு தம்பி” என்பார்கள். நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டு, “டயர் தேஞ்சுபோச்சு சார், மாத்தணும்” என்றால் இன்டர்வியூ அங்கேயே முடிந்தது. குனிந்து டயரைத் திருப்பி, உள்பக்கத்தைப் பார்த்து, உள்ளங்கையால் ஒரு முறை தடவிவிட்டு, “இது பின் வீல்தானே சார்? டோ தப்பா இருந்திருக்கு. புஷ் போயிருக்கான்னு பாக்கணும்” என்று சொல்பவருக்கு டீ வரும்.

நான் டீ வராத ஆள். அதனால்தான் இதை எழுத எனக்குத் தகுதி உண்டு.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஆயில் மாற்றிக்கொண்டிருக்கிறீர்களா? டயர் கடையில் அலைன்மென்ட் மிஷின் முன்னால் நிற்கிறீர்களா? டிப்ளமோ ஆட்டோமொபைல் படித்து, சர்வீஸ் அட்வைஸர் வேலைக்கு ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்களா? ஸ்போர்ட்ஸ் கார்களின் பக்கம் போக ஆசை இருந்தால், எல்லோரும் நெருக்கியடிக்கும் இன்ஜின் ரிப்பேர் வாசலை விட்டுவிடுங்கள். இன்ஜினில் கோளாறு என்றால் ஸ்கேனர் கோடு காட்டும். ஸ்கேனர் இன்று எல்லோரிடமும் இருக்கிறது. டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் எந்த கோடும் வராது, டேஷ்போர்டில் லைட்டும் எரியாது. கண்ணும் கையும் கணக்கும் வேண்டும். அது தெரிந்தவர்கள் குறைவு. போட்டி குறைவான இடத்தில் நிற்பதுதான் புத்திசாலித்தனம்.

பணக் கணக்கும் இதில் உண்டு. போர்ஷே 911 கரெராவுக்கு முன்னால் 235/40 ஆர்19, பின்னால் 295/35 ஆர்20. முன்னும் பின்னும் வேறு வேறு சைஸ், வேறு வேறு ரிம். பக்கவாட்டில் என்0, என்1 என்று போர்ஷேக்கென்றே அங்கீகரித்த குறி இருக்கும். பி.எம்.டபிள்யூ என்றால் நட்சத்திரக் குறி, மெர்சிடிஸ் என்றால் எம்ஓ. மூலைக்கடையில் கிடைக்கிற சரக்கு இல்லை. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இதுபோன்ற சைஸ்களுக்கு ஸ்டாக் இருக்கிறதா என்று விசாரிப்பதே அதிலிருந்து ஒரு வேலையாகிவிட்டது. அப்படித் தேடி வாங்கிய ஒரு ஜோடி எட்டாயிரம் கிலோமீட்டரில் கம்பி தெரிந்தால் ஓனர் கொதிப்பார். அந்தக் கொதிப்பை அடக்குகிறவரின் போன் நம்பர் அவருடைய வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

1. உள்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்

ஓனர் வெளிப்பக்கத்தைத்தான் பார்ப்பார். பார்க்கிங்கில் நின்று குனிந்தால் அதுதான் தெரியும். பட்டன் நன்றாக இருக்கிறது, இன்னும் பத்தாயிரம் ஓடும் என்று நம்பிக்கொண்டிருப்பார். உள் ஓரத்தில் ரப்பர் முடிந்து கம்பி வெளியே வந்திருக்கும். 295 மில்லிமீட்டர் அகலமான பின் டயரில், தரையோடு ஒட்டி நிற்கும் காரில், லிஃப்டில் ஏற்றாமல் அந்த ஓரத்தைப் பார்க்கவே முடியாது.

வண்டி வேறு எதற்காக வந்திருந்தாலும் சரி, ஏசி கேஸ் நிரப்ப வந்திருந்தாலும் சரி, லிஃப்டில் ஏறினால் நான்கு டயரின் உள் ஓரத்தையும் டார்ச் அடித்துப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். ஒரு நிமிட வேலை. “சார், நீங்க கேக்கல. ஆனா இதைப் பாத்துடுங்க” என்று போட்டோவை நீட்டும் டெக்னீஷியனை யாரும் மறப்பதில்லை.

ஏற்றும்போது ஒரு எச்சரிக்கை. முன் பம்பர் தாழ்வாக இருக்கும். ராம்ப் வாயில் பலகை போடுங்கள், ஜாக் பாயின்ட்டில் ரப்பர் பேட் வையுங்கள். பம்பரில் ஒரு கீறல் விழுந்தால், அப்புறம் நீங்கள் எவ்வளவு சரியாக டயக்னோஸ் செய்தாலும் அன்றைய பேச்சு கீறலைப் பற்றித்தான்.

2. பன்னிரண்டு எண்கள்

“உள்ள தேஞ்சிருக்கு சார்” என்பது அபிப்பிராயம். “உள்ளே 2.1, நடுவுல 5.8, வெளியே 6.2 மில்லிமீட்டர்” என்பது ரிப்போர்ட். டிரெட் டெப்த் கேஜ் அதிக விலை இல்லை, சொந்தமாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி. நான்கு டயருக்குப் பன்னிரண்டு அளவு. ஜாப் கார்டில் எழுதுங்கள், பக்கத்தில் ஓடோமீட்டர் ரீடிங்கும் தேதியும்.

சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர். கால்வாய்க்குள் இருக்கும் சின்ன மேடுகள், அதாவது டிரெட் வேர் இண்டிகேட்டர், காட்டுவது அந்த அளவைத்தான். உள்ளே 2.1 இருந்தால் சட்டப்படி ஓடலாம். ஆனால் சென்னையில் நவம்பர் மழையில், தேங்கிய தண்ணீரில், பின் வீலுக்குச் சக்தி போகும் காரில் அந்த 2.1-ஐ நம்பி நான் உட்கார மாட்டேன். இதையும் ஓனரிடம் சொல்லலாம். பயமுறுத்துகிற குரலில் வேண்டாம்.

அப்படியே பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதிக் குறியையும் எழுதிக்கொள்ளுங்கள். 1419 என்றால் 2019-ன் 14-வது வாரம். இந்த வகைக் கார்களில் பல வருடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடும். பட்டன் தேய்வதற்கு முன்னால் ரப்பருக்கு வயதாகிவிடும். பழைய டயரில் தேய்மானத்தைச் சரிசெய்ய அலைன்மென்ட் விற்பது, தாத்தாவுக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் தைப்பது மாதிரி.

3. உள்ளங்கை பேசும்

கண் காட்டாததைக் கை காட்டும். டயரின் குறுக்காக, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை, உள்ளேயிருந்து வெளியே ஒரு முறை தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், எதிர்த் திசையில் ரம்பப் பல் மாதிரி குத்தினால் அது டோ கோளாறு. வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழவழப்பு, திரும்பும்போது குத்தல் என்றால் டோ-இன் அதிகம். தலைகீழாக இருந்தால் டோ-அவுட். கம்பி தெரிகிற இடத்தில் மட்டும் கையை வைத்துவிடாதீர்கள், கிழித்துவிடும்.

மற்ற அடையாளங்கள் உங்களுக்கே தெரிந்திருக்கும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. சுற்றளவில் அங்கங்கே கிண்ணம் மாதிரி குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் களைத்துவிட்டது, அல்லது பேலன்சிங் இல்லை, அல்லது ஏதோ ஜாயின்ட் ஆடுகிறது. ஒரே இடத்தில் மட்டும் தட்டையாக இருந்தால் பலமான பிரேக், அல்லது பல வாரம் பேஸ்மென்ட்டில் நின்ற வண்டி. நின்று வந்த தட்டை பெரும்பாலும் கொஞ்ச தூரம் ஓட்டினால் சரியாகிவிடும்.

உள் ஓரம் மட்டும் தேய்வதுதான் ஸ்போர்ட்ஸ் கார்களின் பெரிய புகார். அங்கேதான் ஆட்கள் தப்பு செய்கிறார்கள்.

4. காம்பரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

உள்பக்கம் தேய்ந்தால் “நெகட்டிவ் காம்பர் சார்” என்று சொல்லிவிடுவது எளிது. பாதி உண்மை. வளைவில் வேகமாகத் திரும்பும்போது டயர் முழு அகலத்துக்கும் தரையைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக, சக்கரத்தின் தலையைக் கொஞ்சம் உள்ளே சாய்த்தே கம்பெனியில் அனுப்புகிறார்கள். நேராகப் போகும்போது அதனால் உள் ஓரத்தில் பாரம் கூடும். தேயும். ஆனால் மெதுவாகத் தேயும்.

டயரை உயிரோடு தின்பது டோ. கணக்கைப் பாருங்கள். ஒரு சக்கரம் நேர்திசையிலிருந்து 0.1 டிகிரி திரும்பி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் 1.75 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டரில் பதினேழரை கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து சென்ட்ரல் போகிற வழியில் பாதிக்கு மேல் வண்டியைக் குறுக்காகத் தள்ளிக்கொண்டு போன மாதிரி. இந்தக் கணக்கை அப்படியே ஓனரிடம் சொல்லுங்கள். ஐ.டி. கம்பெனி நடத்துகிறவர், டாக்டர், பில்டர் யாராக இருந்தாலும் புரியும், பிடிக்கும்.

இரண்டும் சேர்ந்தால்தான் விபரீதம். டோ-இன் அதிகமானால் வெளி ஓரம் தேயும் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஸ்போர்ட்ஸ் காரின் பின் வீலில் அது பலிக்காது. காம்பர் பாரத்தை உள் ஓரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. டோவின் இழுப்பும் பாரம் இருக்கிற இடத்தைத்தான் தேய்க்கும். அதனால் டோ-இன் அதிகமான பின் டயரும் உள்ளேதான் போகும். 911-ல் இன்ஜின் பின் ஆக்சிலுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கிறது, எடையில் 60 சதவீதத்துக்கு மேல் பின் சக்கரங்களில். டயர் அகலம், பக்கச் சுவர் குட்டை, அதிகம் வளைந்து கொடுக்காது. சின்னத் தப்புக்கும் தண்டனை பெரிது. இன்டர்வியூவில் புத்தக விடை சொல்கிறவருக்கும் வேலை பார்த்தவருக்கும் வித்தியாசம் தெரிகிற இடம் இதுதான்.

கம்பெனி செட்டிங்கே டயரைத் தின்னும் என்பதற்கு ஒரு பழைய கேஸ் உண்டு. 1990-ல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ். முன்னால் 15 இன்ச், பின்னால் 16 இன்ச் வீல், இன்ஜின் நடுவில், அதற்கென்றே செய்த டயர்கள். அதிவேகத்தில் பின்பக்கம் அலையக் கூடாது என்று பின் வீலில் தாராளமாக டோ-இன் வைத்திருந்தார்கள். வண்டி அருமையாக ஓடியது. பின் டயர்கள் அநியாயத்துக்குத் தேய்ந்தன. அமெரிக்காவில் உரிமையாளர்கள் சத்தம் போட்டார்கள். பிறகு ஹோண்டாவே பின் டோ-இன்னைக் குறைத்துப் புதிய அளவு கொடுத்தது. ஆக, “கம்பெனி அளவு சார்” என்பதோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிடாது. அந்த அளவை ஏன் வைத்தார்கள், அதை நகர்த்தினால் எது கூடும், எது குறையும் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

5. ஓனரிடம் பாதி, டிரைவரிடம் மீதி

ஓனரிடம் கேட்க வேண்டியவை: டிராக்குக்குப் போவீர்களா? ஸ்பிரிங் மாற்றி வண்டியைத் தாழ்த்தினீர்களா? ஸ்பேசர் போட்டீர்களா? கடைசி அலைன்மென்ட் எப்போது?

டிராக் கேள்வி முக்கியம். இருங்காட்டுக்கோட்டை சர்க்யூட்டிலோ கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயிலோ சுற்றுகிற வண்டிக்கு வெளி ஓரம் தேயும், ஏனென்றால் வளைவில் பாரம் வெளியே சாய்கிறது. அவருக்கு நெகட்டிவ் காம்பர் இன்னும் கூட வேண்டியிருக்கும். வாரம் ஒரு முறை மகாபலிபுரம் போய் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவருக்கு நேர் எதிர். ஒரே மாடல், ஒரே கலர், மருந்து வேறு.

குழியில் விழுந்ததா என்று ஓனரைக் கேட்காதீர்கள். “இல்லையே” என்பார். வண்டியைக் கழுவி, பெட்ரோல் போட்டு, சர்வீஸுக்குக் கொண்டுவருகிற டிரைவர் அண்ணனை டீக்கடையில் பாருங்கள். “போன மாசம் ஓ.எம்.ஆர். யு-டர்ன்ல இடது பக்கம் ஏறி இறங்குச்சு தம்பி. அன்னிலேருந்து ஸ்டியரிங் கொஞ்சம் கோணலாத்தான் நிக்குது” என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் உங்களுக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அவர் பெயரை மட்டும் ஓனரிடம் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்.

6. மிஷினைத் தொடுவதற்கு முன்

என் கதை இங்கே வருகிறது. முதல் வேலை, ஒரு டயர் கடையில். இரண்டு சீட் கார் ஒன்று வந்தது. பின் டயர் இரண்டும் உள்ளே மொட்டை. புது ஜோடி போட்டேன், அலைன்மென்ட் வைத்தேன், பிரின்ட்டில் எல்லாம் பச்சை. முதலாளி முதுகில் தட்டினார். ஐந்து மாதத்தில் அதே ஓரம் மறுபடி மொட்டை. ஓனர் சத்தம் போடவில்லை. எங்களிடம் திரும்பி வரவே இல்லை. வேறு இடத்தில் என் வயதுப் பையன் ஒருவன் இரும்பு லீவரைப் போட்டு ஆர்மை அசைத்துப் பார்த்து, புஷ் கிழிந்திருப்பதைக் கண்டுபிடித்தானாம். அதையும் அந்த வண்டியின் டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பையன் இரண்டு வருடத்தில் ஃபோர்மேன்.

அலைன்மென்ட் மிஷின் நிற்கிற வண்டியைத்தான் அளக்கும். கிழிந்த புஷ், நிற்கும்போது ஒழுங்காக நிற்கும். பிரேக் பிடித்தால், ஆக்சிலரேட்டர் மிதித்தால், சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். பிரின்ட் பச்சை, டயர் மொட்டை. அதனால் வரிசையாகப் பாருங்கள்: லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங், ஷாக்கில் ஆயில் கசிவு, ரிம் வளைவு, உடைந்த ஸ்பிரிங். ஒருவர் பிரேக் மிதிக்க, ஒருவர் சக்கரத்தைக் கவனியுங்கள். ஆடுகிற பாகத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது ஓனரின் பணம், உங்கள் பெயர், இரண்டுக்கும் கேடு.

காற்று. “நாலுக்கும் 35 போட்டுடு” என்பது நம் ஊர் வேத வாக்கியம். ஸ்போர்ட்ஸ் காரில் முன்னும் பின்னும் பெரும்பாலும் வேறு வேறு அளவு. கதவு ஓரத்திலோ பெட்ரோல் மூடியிலோ ஸ்டிக்கர் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கும் அளவு அது. பத்து டிகிரி சூடு ஏறினால் ஒன்று, ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். மே மாத மதியம் ஓடி வந்த வண்டியில் அளந்து, அதிகமாக இருக்கிறது என்று காற்றைத் திறந்துவிட்டால், நாளைக் காலை காற்று குறைந்த டயரோடு அனுப்புகிறீர்கள்.

7. மிஷினில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

யூனிட். 0.10 டிகிரியும் 0 டிகிரி 10 மினிட்டும் ஒன்றல்ல. 60 மினிட் ஒரு டிகிரி. 10 மினிட் என்றால் 0.17 டிகிரி. மேனுவலில் மினிட், ஸ்கிரீனில் டெசிமல் என்று இருந்து நீங்கள் கவனிக்காவிட்டால் உங்கள் கையாலேயே டயரைத் தின்னக் கொடுக்கிறீர்கள். அதேபோல் ஒரு வீலின் டோ வேறு, இரண்டும் சேர்ந்த மொத்த டோ வேறு.

வேரியன்ட். ஒரே மாடலில் சாதா சஸ்பென்ஷனுக்கு ஒரு அளவு, ஸ்போர்ட் சஸ்பென்ஷனுக்கு வேறு அளவு. பின் வீலும் திரும்புகிற வண்டி என்றால் ஸ்கேனர் இல்லாமல் கைவைக்காதீர்கள். பி.எம்.டபிள்யூவின் பல மாடல்களுக்கு சீட்டில் எடை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று கம்பெனி முறை. எடை மூட்டை இல்லாத கடையில் இரண்டு ஹெல்பர்களை உட்காரவைத்த ஃபோர்மேனைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இல்லாததற்கு அது மேல்.

வரிசை. பின் வீல் முதலில், முன் வீல் பிறகு. பின் டோ இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் வண்டி நண்டு மாதிரி சாய்ந்து போகும். முன்னால் நீங்கள் எவ்வளவு நேர்த்தியாக வைத்தாலும் ஸ்டியரிங் கோணலாகத்தான் நிற்கும்.

பச்சை. கம்பெனி கொடுப்பது ஒரு எல்லை. இடது பக்கம் அந்த எல்லையின் இந்த ஓரத்திலும் வலது பக்கம் அந்த ஓரத்திலும் நின்றால்கூட ஸ்கிரீன் பச்சைதான் காட்டும். சுமாரான ஆள் பச்சை வந்ததும் போல்ட்டை இறுக்குவார். நீங்கள் இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிட்டு இறுக்குங்கள். பத்து நிமிடம் அதிகம் ஆகும். பக்கத்து பே ஆள் சிரிப்பான். சிரிக்கட்டும்.

காம்பருக்கு அட்ஜஸ்ட்மென்ட் இல்லாத வண்டிகள் நிறைய. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் இருக்கும் பல கார்களில் டோ மட்டும்தான் மாற்றலாம். வண்டியைத் தாழ்த்தியதால் காம்பர் ஏறியிருந்தால் காம்பர் போல்ட், காம்பர் பிளேட் என்று தனிப் பாகம் போட வேண்டும், அல்லது பழைய ஸ்பிரிங்கையே மாட்ட வேண்டும். “முடியாது சார், இந்த வண்டியில அட்ஜஸ்ட்மென்ட் இல்ல” என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். முடியும் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, பிரின்ட்டில் பழைய எண்ணே இருந்தால் ஓனர் படிக்கத் தெரிந்தவர்.

8. விற்கிற விதம்

டயர் விற்றால் இன்சென்டிவ் உண்டு. எனக்குத் தெரியும், நானும் வாங்கியிருக்கிறேன். வாங்குங்கள். ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் டயரை மட்டும் விற்றால் ஒரு இன்சென்டிவ்தான். காரணத்தைச் சரிசெய்துவிட்டு விற்றால், அவர் வீட்டு நான்கு வண்டியும், அவர் மச்சான் வண்டியும் உங்கள் பேயில் நிற்கும்.

ஓனரிடம் பேசும்போது இரண்டு வழி கொடுங்கள். “சார், கம்பெனி அளவுக்குள்ளேயே காம்பரைக் குறைச்ச பக்கம் வெக்கலாம். டயர் கூடுதலா வரும், வேகமா வளையும்போது பிடிப்பு கொஞ்சம் குறையும். இல்ல, இப்ப இருக்கிற மாதிரியே விட்டு டோவை மட்டும் சரி பண்ணலாம். வண்டி இப்ப ஓடுற மாதிரியே ஓடும். நீங்க எப்படி ஓட்டுவீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்.” முடிவை அவரிடம் விடுங்கள். தானே எடுத்த முடிவுக்கு யாரும் பில்லில் தகராறு செய்வதில்லை. காம்பரை ஜீரோவாக்குகிறேன் என்று மட்டும் உளறாதீர்கள். அது ஸ்போர்ட்ஸ் காரை ஆம்னி வேன் ஆக்குகிற வேலை.

“டயரை மாத்திப் போட்டா சரியாயிடாதா?” என்று கட்டாயம் கேட்பார். பதில் தயாராக இருக்கட்டும். முன் பின் சைஸ் வேறு, அதனால் முன்னும் பின்னும் மாற்ற முடியாது. இடம் வலம் மாற்றலாமா? டயரில் ‘அவுட்சைட்’ என்று எழுதியிருந்தால், மாற்றினாலும் உள் ஓரம் உள்ளேயேதான் இருக்கும், பிரயோஜனம் இல்லை. இன்றைய ஸ்போர்ட்ஸ் டயர்களில் நிறைய இந்த வகைதான். ஆனால் வெறும் சுழற்சி அம்புக்குறி மட்டும் இருக்கிற டயர் என்றால் ரிம்மிலிருந்து கழற்றி இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினால், தேயாத வெளி ஓரம் உள்ளே வரும், அம்பும் சரியான திசையில் நிற்கும். கம்பி தெரியாத நிலையில் இருந்தால் பாதி ஆயுள் மிச்சம். இதைச் சொல்லிக் கொடுத்தால் இன்று டயர் விற்காது. பரவாயில்லை, ஆள் கிடைத்துவிட்டார்.

எம்340ஐ மாதிரி நான்கு வீலுக்கும் சக்தி போகும் வண்டியில் ஒரே ஒரு டயரைப் புதிதாகப் போடுவதற்கு முன் மேனுவலைத் திறந்து பாருங்கள். தேய்ந்ததும் புதியதும் சேர்ந்தால் சுற்றளவு மாறும், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வேலை கூடும். டயர் பில்லைவிட அந்த பில் பெரிது.

9. உங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

வண்டி உள்ளே வந்த நிமிடமே ரிம்கள் நான்கையும் போட்டோ எடுங்கள். ஏற்கெனவே இருந்த உரசலுக்கு உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள். ‘பிஃபோர்’ பிரின்ட் எடுக்காமல் ஒரு நட்டையும் தொடாதீர்கள். ஆஃப்டர் மட்டும் காட்டினால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. வீல் போல்ட்டை ஏர் கன்னால் முடித்துவிட்டுப் போகாதீர்கள், டார்க் ரெஞ்சில் முடியுங்கள். 991 தலைமுறை 911 ஜிடி3-ல் நடுவில் ஒரே நட்டு. அதற்கு 600 நியூட்டன் மீட்டர். அந்த டூல் உங்கள் கடையில் இல்லை என்றால் அந்த வீலைக் கழற்றாதீர்கள். முதலாளி முறைப்பார். முறைக்கட்டும்.

ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரை ரீசெட் செய்தீர்களா, டெஸ்ட் டிரைவ் போனீர்களா, இரண்டையும் ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நம் ரோடு இடது பக்கம் சரிந்திருக்கும், அதனால் கொஞ்சம் இடது இழுப்பு எல்லா வண்டிக்கும் உண்டு. அதை டெஸ்ட் டிரைவிலேயே ஓனரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டிவிட்டால், ராத்திரி பத்து மணிக்கு “இன்னும் இழுக்குது தம்பி” என்று போன் வராது.

10. நோட்டும் போனும்

நாற்பது பக்க நோட்டு ஒன்று. ஒரு வண்டிக்கு ஒரு பக்கம். மாடல், டயர் சைஸ், தேதிக் குறி, பன்னிரண்டு எண்கள், என்ன கண்டுபிடித்தீர்கள், என்ன செய்தீர்கள். ஓனர் பெயரும் வண்டி நம்பரும் வேண்டாம். அது கடையின் சொத்து, வெளியே கொண்டுபோனால் வம்பு. அடுத்த இன்டர்வியூவில் “எக்ஸ்பீரியன்ஸ் எவ்வளவு?” என்றால், மூன்று வருடம் என்று சொல்லாமல் நோட்டைத் திறந்து வையுங்கள். சம்பளப் பேச்சு அப்புறம் வேறு மாதிரி நடக்கும்.

அந்தப் பக்கத்தில் கடைசி இரண்டு வரியைக் காலியாக விடுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் டிரைவர் அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கள். “அண்ணே, அஞ்சு நிமிஷம் வண்டியை இந்தப் பக்கம் திருப்புங்க, காசு வேணாம்.” லிஃப்டில் ஏற்றி மறுபடி பன்னிரண்டு எண்கள். உள் ஓரமும் வெளி ஓரமும் ஒரே அளவில் குறைந்திருந்தால் தேதி போட்டு எழுதி, போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்புங்கள். உள் ஓரம் மட்டும் குறைந்திருந்தால், யாருக்கும் எதுவும் அனுப்பாமல், லீவரை எடுத்துக்கொண்டு மறுபடி புஷ்ஷிலிருந்து ஆரம்பியுங்கள்.